இசக்கிராஜா ஓட்டிச் சேர்த்த மின்சாரம்

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள். ஒரு வீடு. அதில் ஆறு அறைகள். எந்த அறைக்கும் கதவில்லை, ஜன்னலில்லை. எசமான் ஊர் சுற்றும்போது ஒருவன் உள்ளே வந்து குடியேறுகிறான். எசமான் நின்றுவிட்டால் அவன் இருட்டில் அசையாமல் காத்திருக்கிறான். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் அவன் திரும்பப் போவதில்லை; அவன் இடத்துக்கு வேறொருவன்தான் வருவான். அது என்ன வீடு?

யோசித்துக்கொண்டே இருங்கள். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் காதில் ஓதிவிட வேண்டாம். வெள்ளைப்பாத்தியில் இந்த விடை ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்தும் பதினான்கு நாள் அந்த ஊர் சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளைப்பாத்தி உப்பளத்து ஊர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் பாத்தி. சித்திரை வைகாசியில் அந்தப் பாத்திகளைப் பார்க்கிறவனுக்குக் கண் கூசி வீட்டுக்குள் வந்த பிறகும் சுவரெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அங்கே காற்றில் உப்பு, கதவுக் கீலில் உப்பு, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் உப்பு. ஆணி இரண்டு வருஷம் தாங்கினால் நல்ல ஆணி. அதனால் அந்த ஊரில் எது கெட்டாலும், ரேடியோ கெட்டாலும் பம்பு கெட்டாலும் பல்லே கெட்டாலும், "உப்பு பூத்திருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் அது உண்மை. மீதி பாதி நேரம் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எடைமேடைக்கு எதிரே தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்த தவசிமுத்துவும் அந்த ஊர்க்காரர்தான். ஆனால் அவர் காது கூர்மையானது. செல்ஃப் எடுக்காத வண்டியைக் கொண்டுவந்தால் அவர் முதலில் கையை வைக்க மாட்டார். "அமுக்கு" என்பார், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு சத்தமும் வரவில்லை என்றால் கோளாறு பட்டனிலோ பியூஸிலோ இருக்கிறது. டிக்டிக்டிக் என்று பல்லி மாதிரி விடாமல் தட்டினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. டிக் என்று ஒரே ஒரு தடவை அழுத்தமாகக் கேட்டு அதோடு அடங்கிவிட்டால் மின்சாரம் சீட்டுக்கு அடியில் இருக்கிற ரிலே வரைக்கும் தைரியமாக வந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் அதற்கு வழியில்லை. அப்பால் என்றால் இரண்டே இடம். பேட்டரியிலிருந்து வருகிற ஒயர்களின் முனை, இல்லையென்றால் இஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார்.

முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து கிரீஸ் தடவுவார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஸ்பானரின் பின்பக்கத்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் தலையில் செல்லமாக ஒரு தட்டு. வண்டி உறுமிக்கொண்டு எடுக்கும். அந்தத் தட்டுக்கு ஊரில் 'தவசித் தட்டு' என்று பேரே உண்டு. பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்து, "ஒரு தவசித் தட்டு வச்சாத்தான் சரியாவ" என்று தாய்மார்கள் சொல்கிற அளவுக்கு அது பேர் வாங்கியிருந்தது.

வைகாசி பாதி கழிந்த ஒரு திங்கட்கிழமை, சண்முகக்கனியும் அவள் மகள் மகிஷாவும் இசக்கிராஜாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். மகிஷாவுக்குப் பதினொரு வயது. இசக்கிராஜா இறந்து அன்றோடு பத்து நாள்.

இசக்கிராஜா உப்பளத்தில் ஏழு பம்புகளுக்கும் மோட்டார் போடுகிறவர். காலையில் ஒரு சுற்று, நண்பகலில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, கரைமேல் வண்டியிலேயே போய்ப் போட்டுவிட்டும் அணைத்துவிட்டும் வருவார். தரையில் நிற்கும்போது வாயே திறக்காத மனிதர், வண்டியில் ஏறிவிட்டால் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவார். இறந்த அன்று, வெள்ளிக்கிழமை நண்பகலில், அவர் ஆறாவது பம்பில் வண்டியை நிறுத்தினார். திரும்ப ஏறியபோது செல்ஃப் எடுக்கவில்லை. கிக்கர் இல்லாத வண்டி. கரைமேல் தள்ளித் தள்ளி ஓடிப் பார்த்தார், உப்பு படிந்த கரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனதே தவிர இஞ்சின் பிடிக்கவில்லை. நிழலே இல்லாத அந்த வெயிலில் எத்தனை தடவை ஓடினாரோ. உப்பு வாருகிற பெண்கள் பார்த்தபோது வண்டி ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது, அவர் அதற்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

"வண்டி ஓடணும் அண்ணாச்சி" என்றாள் கனி. "அவுக பாத்த வேலைய எனக்கே தாறேன்னு கணக்கப்பிள்ளை சொல்லியிருக்காரு. நடந்து சுத்துனா ஒரு சுத்துக்கு மூணு மணி நேரம் ஆவுது. ஆனி ஒண்ணுக்குள்ள வண்டியில வரலைன்னா வண்டி வச்சிருக்க வேற ஆளப் பாத்துக்கிடுவாராம்."

"ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"அவுக சொல்லிக்குடுத்தாவ. கரையில ஓட்டுவேன். ரோட்டுலதான் பயம்."

தவசிமுத்து சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஏழு. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

டிக் வரவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து இசக்கிராஜாவின் குரல், வெயிலில் போகிறவனின் சலிப்போடு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றது.

கொட்டகைக்குள் சைக்கிள் டியூப் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கனி வண்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். மகிஷா குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். தவசிமுத்து மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு.

"ஒரு வார்த்தைக்கு ஒரு புள்ளி எறங்குது" என்றார்.

கனி அன்றைக்கு ஒரு தடவை கேட்டதோடு சரி. "எனக்குப் போதும்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனவள், அதற்குப் பிறகு பொத்தான் அழுத்தும் நேரத்தில் எடைமேடைப் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் லைன்மேன் ஞானமுத்து. மின்சார விஷயம் என்றால் தான் இல்லாமல் நடக்கக்கூடாது என்று நினைக்கிறவர். அவர் முன்னால் அழுத்தியபோது, "ஏ கிறுக்குக் கொக்கே, வழிய விடு" என்றது குரல். மறுபடி அழுத்தியபோது, "அஞ்சாவது மோட்டாரு முக்குது, பேரிங்கு போவப்போவுது" என்றது. இரண்டு பேர் ஐந்தாவது பம்புக்கு ஓடிப்போய்த் திறந்து பார்த்தார்கள். பேரிங் தேய்ந்துதான் இருந்தது. அதன்பின் வெள்ளைப்பாத்தியில் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஞானமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

"இது நம்ம வீட்டுக்கு வார கரண்டு இல்ல வே. அது நாங்க அனுப்புறது. இது இசக்கி தானே ஓட்டி ஓட்டிச் சேத்தது. வண்டி ஓடும்போது பேட்டரியோட ஆறு அறைக்குள்ளயும் ஏறும், அவன் பேசுன பேச்சும் சேந்து ஏறியிருக்கு. செல்ஃப் நல்லா இருந்தா அத்தனையும் இஞ்சினச் சுத்துறதுல போயிருக்கும். இப்ப போறதுக்கு வழி இல்ல, பேச்சா வருது."

"அப்ப சார்ஜ் போட்டா இன்னும் பேசுவானா?" என்றார் ஒரு லாரி டிரைவர்.

"போட்டுப் பாத்தாத்தான தெரியும்."

லாரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். அழுத்தினார்கள். இசக்கிராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் பேச்சின்மேல் லாரி டிரைவர் என்றைக்கோ ஒரு ஆட்டுக்குட்டியைத் திட்டிய அத்தனை வசவும் ஏறி விழுந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைப் பிடுங்கினார். அந்த ஒரு வார்த்தை வீணாகப் போனது போனதுதான். இனி யாரும் வெளி மின்சாரம் கொடுக்கக்கூடாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மறுநாளிலிருந்து ஒழுங்கு வந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, உப்பு வாருகிற பெண்கள் வேலை முடிந்து குளித்துவிட்டு வருகிற நாலு மணிக்கு. அழுத்துவது தவசிமுத்து. மீட்டர் பார்த்துச் சொல்வது ஞானமுத்து. சொல்வதை எழுதிவைப்பது மகிஷா, அவளுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். பதினொன்றுக்கு இறங்கிவிட்டால் ரிலே இழுக்காது என்று தவசிமுத்து சொல்லியிருந்ததால், இன்னும் இத்தனை வார்த்தை என்று ஊரே விரலில் எண்ணிக்கொண்டிருந்தது.

டீக்கடை ரோசம்மா முதல் வார்த்தையைக் கேள்விப்பட்டதிலிருந்து தினமும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வண்டியின் டேங்க் மேல் வைத்தாள். "எங் கடையத் தாண்டித்தான் போயிருக்காரு, நாங் கூப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லி அழுதாள். "செல்லத்தாயி, தலத்துணிய நனச்சிக் கட்டு" என்று ஒரு நாள் குரல் சொன்னது. அன்றிலிருந்து செல்லத்தாயி பாத்திக்குப் போகும்போது தலைத்துணியை நனைக்காமல் கட்டியதில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் நனைத்தார்கள். அந்த வைகாசியில் ஒருத்தியும் மயங்கி விழவில்லை. ஒரு நாள் வெறும் இருமல் வந்தது. நாற்பது பேர் அந்த இருமலுக்காக வெயிலில் நின்றிருந்தார்கள், ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு கலைந்தார்கள். ஒரு நாள், "ரோசம்மா டீயில பால் எங்கன கெடக்குன்னு லைட்டு அடிச்சுப் பாக்கணும்" என்றது. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ரோசம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள். மறுநாள் டேங்க் மேல் வைத்த டீயில் ஆடை மிதந்தது.

இப்படிச் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போனபிறகு சிரிக்கவில்லை. மாவு மில்லில் ஒரு சுவிட்சைப் போட்டால் ஒரு கணம் காது கொடுத்தார்கள். அடுப்பு லைட்டர் டிக் என்றால் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நண்பகலில் கரைமேல் கானல் ஓடும்போது, ஆறாவது பம்பு இருக்கிற திசையில் வண்டி ஒன்று ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிற்பதாகத் தெரியும். கிட்டே போனால் பாத்தியில் வானம்தான் கிடக்கும். கொக்குகள் கொட்டகையின் தகரத்தின்மேல் வந்து உட்காரப் பழகின. தவசிமுத்துவுக்கு வேறு வண்டிகளின் பொத்தானை அழுத்தவே கை வரவில்லை. "நீயே அமுக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் பயம் வேறு. அதைச் சொல்லுகிறேன்.

அழுத்திய முதல் நாளே, பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஏழு காட்டிய உடனே, அவருக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. ரிலே வரை மின்சாரம் வருகிறது, முனைகள் சுத்தமாக இருக்கின்றன. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். திறந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். முனைகள் ஏன் சுத்தமாக இருந்தன என்றும் அவருக்குத் தெரியும். இசக்கிராஜா இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, இதே கோளாறோடு இதே கொட்டகைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். திங்களும் செவ்வாயும் வண்டி எடுக்கவே இல்லை, சைக்கிளில் சுற்றினேன் என்றார். உப்பு பூத்திருந்தது. தவசிமுத்து வெந்நீர் ஊற்றித் தேய்த்தார், கிரீஸ் தடவினார், ஒரு தட்டு தட்டினார், வண்டி எடுத்தது. வெளியே இன்னும் மூன்று வண்டிகள் நின்றன. "உப்புதான், போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊரோ வண்டியைச் சரிசெய்ய விடவில்லை. செல்ஃப் எடுத்துவிட்டால் குரல் நின்றுவிடுமே. "ஊரு இப்படிக் கேக்குதே கனி, நான் என்ன செய்ய?" என்று அவர் சொன்னபோது, ஏழு பம்பையும் நடந்து சுற்றிவிட்டு வந்திருந்த கனி, காலில் ஒட்டிய உப்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "ஊருதான் கேக்குதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

பேச்சு பின்னாலிருந்து முன்னால் வருகிறது என்று கண்டுபிடித்தது மகிஷா. நோட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"மாமா, அப்பா தலகீழா வாறாவ. பேரிங்கு போவப்போவுதுன்னு சொன்னது வெள்ளிக்கிழம. ரோசம்மா டீ வியாழக்கிழம, அன்னிக்கு வீட்டுல வந்து அம்மாகிட்டயும் சொன்னாவ."

"அம்பாரத்துல உப்பு கொட்டுத மாதிரிதான் தாயி" என்றார் ஞானமுத்து. "கடசியாக் கொட்டுனது மேல கெடக்கும். எடுக்கும்போது அதுதான் மொதல்ல வரும்."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு எப்ப வரும்?"

"ஞாயித்துக்கிழம என்ன?"

அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரை வரைக்கும் கூட்டிப்போனார். கரைமேல் எதிர்காற்று. பாதி வழியில் அப்பா தலையைக் கொஞ்சம் திருப்பி என்னவோ சொன்னார். காற்று கொண்டுபோய்விட்டது. "என்னப்பா?" என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தபிறகு கேட்க மறந்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கலாம். ஐந்து நாள் இருந்தது. மறந்துவிட்டாள்.

"அது மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

ஞானமுத்து மீட்டரைப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். அன்றிலிருந்து எல்லோரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தார்கள். தவசிமுத்து மட்டும் நடுவில் இருக்கிற புதன்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தார். எதைச் சொல்லியிருப்பான் என்று அவருக்குத் தெரியவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

பதினொன்று புள்ளி இரண்டு காட்டியபோது அது சனிக்கிழமை. அன்று பொழுது விடிந்ததுமே அவர் கொட்டகையைத் திறந்து, உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். தானே அழுத்திக் கேட்டுவிட்டு ஊரிடம் வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்றுதான் சாத்தினார். பெருவிரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. விரலை எடுத்துவிட்டு, பன்னிரண்டு நாளாகச் செய்யாததைச் செய்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரை வண்டியிலிருந்து கழற்றினார். இரண்டு போல்ட்டை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே, சுற்றுகிற பாகத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் இரண்டும், பள்ளிக்கூடத்தில் தேய்ந்து தேய்ந்து வாத்தியார் கையில் நிற்காமல் போகிற சாக்பீஸ் மாதிரி, பொட்டாகத் தேய்ந்து கிடந்தன. தட்டினால் ஒரு நாள் தொடும், மறுநாள் விட்டுவிடும். உப்பு ஒரு பொடி இல்லை.

புது பிரஷ் போட்டு மூடினார். மோட்டாரை அதன் இடத்தில் மாட்டினார். அதற்கு வருகிற தடித்த ஒயரை மட்டும் மாட்டாமல் தொங்கவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

நண்பகலில் மகிஷா வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். கையில் நோட்டு.

"இன்னிக்கு வாறது அப்பாவோட புதன்கிழமதான மாமா?"

"ஆமா தாயி."

"அன்னிக்கு அப்பா இங்கதான வந்தாவ?"

அவர் "நீயே அமுக்கு" என்றார். நாலு மணிக்குக் காத்திருக்கிற ஊரை அவர் அப்போது நினைக்கவில்லை.

அவள் அழுத்தினாள். குரல் வந்தது. பன்னிரண்டு நாளாக வந்த எந்தக் குரலையும்விட அது தெளிவாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

"தவசி பாத்துட்டாம்லா, இனி ஒண்ணும் செய்யாது."

கூரையிலிருந்த கொக்கு ஒன்று நகர்ந்து தகரத்தைக் கீறியது. மகிஷா நோட்டைத் திறந்து அதை எழுதினாள், தேதி போட்டாள். தவசிமுத்து மேசையிலிருந்து அந்தத் தேய்ந்த பிரஷ் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"இதுதான் கோளாறு. அன்னிக்கே நான் இதத் தெறந்து பாத்திருக்கணும். பாக்கல. தட்டி அனுப்பிட்டேன்."

அவள் பிரஷ்களைத் தொடாமல் பார்த்தாள்.

"தெறந்து பாக்க எவ்வளவு நேரம் ஆவும் மாமா?"

"அரை மணி நேரம்" என்றார். பிறகு, "அதுகூட இல்ல" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. "அம்மா இன்னைக்கும் நடந்துதான் போயிருக்காவ" என்றாள். நோட்டை மூடிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். பிரஷ்களை நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் அவர் நெடுநேரம் நின்றார்.

நாலு மணிக்கு ஊர் கூடியபோது தவசிமுத்து எல்லார் முன்னாலும் பிரஷ்களைக் காட்டி, மகிஷாவிடம் சொன்னதையே சொன்னார். செல்லத்தாயி, "நாங்களுந்தான அண்ணாச்சி சரிபண்ண விடல" என்றாள். டேங்க் மேல் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள், கனியும் வந்தாள். இன்னும் இரண்டே நாளில் ஆனி ஒன்று. கொட்டகையின் மூலையில் தவசிமுத்து வாங்கி வைத்திருந்த புது பேட்டரி அட்டைப் பெட்டியோடு இருந்தது. மீட்டர் பதினொன்று புள்ளி ஒன்று காட்டியது.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு தாயி" என்றார் தவசிமுத்து. நேற்றிலிருந்து அவர் குரல் தணிந்துபோயிருந்தது. "பேட்டரியக் கழட்டிச் சும்மா வச்சாலும் தானா எறங்கிரும். இந்த ஒயரு இப்படியே தொங்கட்டும்னா, அப்பா ஞாயித்துக்கிழம சொன்னத நீ கேக்கலாம். அதோட பேட்டரி தீந்துரும், புதுசப் போட்டு அம்மாகிட்டக் குடுத்துருதேன். ஒயர மாட்டுனா பேச்சு வராது. மிச்சம் இருக்க கரண்டு ஸ்டார்ட்டருக்குப் போவும். ஒரே ஒரு சுத்து சுத்தும். இஞ்சின் எடுத்துட்டா அவுக கரண்டுலயே வண்டி எடுத்ததாயிரும். ஓட ஓடப் புதுசு ஏறி அதோட கலந்துரும். எடுக்கலன்னா பேச்சும் போச்சு, கரண்டும் போச்சு, புதுசுதான் போடணும்."

"எடுக்குமா?"

"தெரியல. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"கேளு ளா, கேளு" என்றாள் ரோசம்மா கூட்டத்திலிருந்து. "நாங்களும் கேக்கோம்." பலர் தலையாட்டினார்கள்.

மகிஷா நோட்டைத் திறந்தாள். பதினான்கு வரிகளும் ஒரு இருமலும் இருந்தன. டீ வரியை மனதுக்குள் படித்துப் பார்த்தாள். ரோசம்மா அழுதுகொண்டே சொல்லிக்காட்டுகிற குரலில்தான் அது கேட்டது. கொக்கு வரியைப் படித்தாள். தெருப் பையன்கள் அதைக் கத்தி விளையாடுகிற குரலில் கேட்டது. பேரிங் வரி ஞானமுத்துவின் குரலில் இருந்தது. எந்த வரியிலும் அப்பாவின் குரல் மிச்சமில்லை. கேட்கக் கேட்க ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. நேற்றைய வரி ஒன்றுதான் அப்பாவின் குரலில் இருந்தது, அதைப் படிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்காத ஒன்று மட்டும்தான், கடற்கரைக் காற்றோடு, பாதி திருப்பிய முகத்தோடு, அன்று இருந்தபடியே இருந்தது.

கனி வண்டியில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அவள் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது ஏதாவது ஒன்றைச் சொல்வதாகிவிடும். தவசிமுத்து தடித்த ஒயரின் முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வெளியே கரைமேல் காற்று எழுந்து எடைமேடையில் உப்பை விசிறிக்கொண்டிருந்தது.

மகிஷா நோட்டை மேசைமேல் வைத்தாள். வண்டியில் அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒயரை மாட்டச் சொன்னாள்.